சனிக்கிழமைக் கூரை

மணக்கொல்லையின் கிழக்குக் கடைசியில் ஆறு வீடுகள் இருக்கிற தெருவுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் சனிக்கிழமைத் தெரு. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் ஆலப்பாக்கத்தில் இறங்கி, உப்பனாற்றுப் பக்கமாக நடந்தால் முந்திரிக் கொல்லை முடிகிற இடத்தில் அது வரும். அந்த ஆறு வீட்டுக்காரர்களும் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சனிக்கிழமை பொழுது சாயும் வரை வேலைக்குப் போக மாட்டார்கள், அடுப்பு மூட்ட மாட்டார்கள், பஸ் ஏற மாட்டார்கள். எறாவும் நண்டும் தொட மாட்டார்கள். கடல் காற்றடிக்கிற ஊரில் எறா தின்னாதவனை யார் மதிப்பார்கள்? "சனி புடிச்சவனுங்க" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். யாராவது நின்று கேட்டால் இவர்கள் "நாங்க யூதருங்க" என்பார்கள். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் அது எந்தக் கட்டத்திலும் அடங்காததால் பழையபடி கிறித்தவர் என்றே எழுதிக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மூலம் பொன்னுரங்கம். வாலிப வயதில் பம்பாய் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய ஃபோர்மேன் ஒரு யூதர்; அவர் வீட்டு மாடியில்தான் இவர் குடியிருந்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது கீழே விளக்கு ஏற்றுவதையும், மறுநாள் முழுக்க அந்த வீடு ஒரு வேலையும் தொடாமல் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதையும் பார்த்துப் பார்த்து அவருக்குள் ஏதோ இறங்கிவிட்டது. ஊர் திரும்பி, மாதா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த தம்பிகளையும் பங்காளிகளையும் தன் பக்கம் இழுத்தார். பம்பாய்க்காரர்கள் இவர்களைத் தங்கள் ஆட்களாக ஏற்றுக்கொண்டார்களா என்றால், பாதி ஏற்றுக்கொண்டார்கள். வருஷா வருஷம் பண்டிகைக் காலண்டர் தபாலில் வரும். ஆள் வந்ததில்லை.

தெரு நடுவில் ஒரு ஜபக் கூடம் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எபிரேய எழுத்து. மற்ற நாள் சாயங்காலம் எந்தத் தெருப் பிள்ளையும் வந்து கணக்கும் இங்கிலீஷும் படிக்கலாம். மாசிக் கடைசியில் எஸ்தர் ராணி நாடகம். வருஷத்துக்கு ஒரு ரத்ததான முகாம். சாயங்கால வகுப்பு எடுப்பது ஜெயராணி. வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறாள். நாடகத்துக்கு ராஜா ராணி உடுப்பு தைப்பதும் அவள்தான். அவள் புருஷன் ராபர்ட், பொன்னுரங்கத்தின் பங்காளி மகன், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேலைக்காரன். மாட்டுக் கொட்டகையிலிருந்து கல்யாண மண்டபம் வரை கூரை போடக் கூப்பிடுவார்கள்.

அந்த மார்கழியில் தானே புயல் வந்தது. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் முந்திரி, பலா, கரண்ட் கம்பம் எல்லாவற்றையும் சாய்த்துப் போட்டுவிட்டுப் போனது. கூடத்து ஷீட் முழுக்கப் பறந்து வயலில் கிடந்தது. ராபர்ட் வீட்டுக் கூரையும் போனது. பொன்னுரங்கம் ஆறு வீட்டு ஆட்களையும் கூட்டி, "நம்மள்து அப்புறம். மொதல்ல பச்சப் புள்ள, வயசாளி இருக்கிற வூடுங்களப் பாப்பம்" என்றார். ஞாயிறு முதல் ராபர்ட்டும் அவன் தம்பி செம்பியனும் மற்றவர்களும் மேலத்தெரு, நடுத்தெரு என்று கூரை கூரையாக ஏறினார்கள். கூலி கேட்கவில்லை. ஜெயராணியும் ஷீட் தூக்கினாள். ராபர்ட் மேலே போல்ட் முடுக்கும்போது கீழே நின்று கொக்கியைப் பிடித்தாள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் தூறல். கூடத்துக்குத் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே எல்லோரும் ஜபத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே குடையோடு ராஜமாணிக்கம் வந்து நின்றார். மேலத்தெருப் பெரிய விவசாயி. போன வருஷம் எஸ்தர் நாடகத்துக்கு மைக் செட் கட்டியபோது போலீசுக்குப் போனவர். பேரப்பிள்ளைகளைச் சாயங்கால வகுப்புக்கு அனுப்பாதவர்.

"ராபட்டு" என்றார். "மருமவளும் கொழந்தையும் நனையறாங்க. ஸ்கூல் கட்டடத்துல இருந்தாங்க. அங்க நாலு தெரு ஜனம். எல்லாம் இருமல். கொழந்தைக்குச் சளி கட்டிக்கிச்சி. நர்சம்மா, நனையவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஷீட்டு வாங்கியாந்துட்டன். போட ஆளு கெடைக்கல."

அவருடைய மகன் சிலம்பரசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். பொங்கலுக்கு முன்னால் லீவு கிடைக்காததால் இன்னும் ஊர் வந்து சேரவில்லை.

பொன்னுரங்கம் எழுந்து வாசல் வரை போனார். "ஐயா, இன்னிக்கு எங்களுக்கு ஓய்வுநாளு. பொழுது சாயட்டும், அத்தன பேரும் வர்றம்."

ராஜமாணிக்கம் திரும்பி நடந்தார். ராபர்ட் தோளில் கிடந்த ஜபத் துண்டை மடித்து ஜெயராணி மடியில் வைத்தான். யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு குடைக்குப் பின்னாலேயே நடந்தான். ஜெயராணிக்குப் பயமாக இருந்தது. அதோடு கூடவே, 'போறாரு பாரு' என்று ஒரு பெருமையும் வந்தது.

மதியத்துக்குள் பாதிக் கூரை போட்டுவிட்டான். ஈரச் சுவரில் கால் வழுக்கி, போட்ட ஷீட்டிலேயே ஒன்றை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தான். தொடை எலும்பு முறிந்தது.

கடலூர் ஆஸ்பத்திரியில் காலுக்கு வெயிட் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். நடந்துவிடுவான், மறுபடி கூரை ஏற முடியுமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். வார்டில் புயலில் அடிபட்டவர்களே ஜாஸ்தி. கட்டிலுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்.

பொன்னுரங்கமும் அவர் மனைவி மங்கலமும் கஞ்சித் தூக்கோடு வந்தார்கள். மங்கலம் ராபர்ட்டின் நெற்றியைத் தடவி அழுதாள். பொன்னுரங்கம் கால்மாட்டில் நின்றுகொண்டு டாக்டர் என்ன சொன்னார், மாத்திரை என்ன என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவர்கள் போனதும் ராபர்ட் சொன்னான். "பெரியப்பா என் மூஞ்சியப் பாக்கல, கவனிச்சியா?"

"கவனிச்சன்."

"தெருவுல இன்னா பேசிக்கிறாங்க?"

"நீ தூங்கு."

"சொல்லு ஜெயா. எனக்குத் தெரியாதா?"

"ஓய்வுநாள ஒடச்சான், ஆண்டவரு கால ஒடச்சாருன்னு பேச்சு. மேலத்தெருவுல, சனிக்கிழம தெருக்காரன் காலடி பட்டதும் சனி எறங்கிடுச்சின்றாங்களாம்."

ராபர்ட் மேலே மின்விசிறியைப் பார்த்தான். அது சுற்றவில்லை. "மேக்கால பக்கம் இன்னும் பாக்கி கெடக்குது. நான் ஒடச்சது வேற ஒண்ணு. எவனாச்சும் போட்டானா?"

ஜெயராணிக்குத் தெரியவில்லை. அவள் அந்தச் சனிக்கிழமையிலிருந்து ஊருக்கே போகவில்லை.

வியாழக்கிழமை நாத்தனாரை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு ஊருக்கு வந்தாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் மேலத்தெருவுக்குத்தான் போனாள். பாதிக் கூரையின் கீழே, ஒரு மூலையில் கட்டிலைத் தள்ளிப் போட்டு ராஜமாணிக்கத்தின் மருமகள் கயல்விழி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பச்சை உடம்புக்காரி. தலையில் துண்டு சுற்றியிருந்தாள். மீதிப் பாதிக்குத் தார்ப்பாய். காற்றடித்தபோதெல்லாம் அது படார் படாரென்று அடித்துக்கொண்டது. தரையெல்லாம் சேறு.

"அக்கா, அண்ணனுக்கு எப்பிடி இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே கயல்விழி எழப் பார்த்தாள். "எங்களாலதான்…"

"அதெல்லாம் பேசாத. புள்ளய இப்பிடிக் குடு."

குழந்தை இலேசாகத்தான் இருந்தது. ஆனால் மூச்சு விடும்போது நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. தையல் மிஷின் பெல்ட் கிழிந்தால் வருகிற மாதிரி ஒரு சத்தம்.

"பெரியாஸ்பத்திரில ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. ஈரத்துல வெக்காத, காத்துல வெக்காதன்றாங்க. எங்க வெக்கறது சொல்லுங்க. எங்கம்மா வூடு குறிஞ்சிப்பாடில. அங்க செவுரே இல்ல."

"ஒங்க மாமனாரு வேற ஆளு பாக்கலியா?"

"பண்ருட்டி வரைக்கும் போயிட்டு வந்துட்டாரு. எல்லாரும் தைக்கு மேல வர்றன்றாங்க. ஒங்க தெருவுக்கு வரதுக்கு அவருக்கு மூஞ்சி இல்ல."

அன்றைக்குச் சாயங்காலம் வகுப்பு. சிமினி விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கூடத்தைப் பூட்ட வந்த பொன்னுரங்கத்தின் எதிரில் ஜெயராணி உட்கார்ந்தாள்.

"மாமா, அந்தக் கூரைய முடிக்கணும்."

"முடிக்கலாம். நம்மாளுங்க நடுத்தெருவுல ரெண்டு வூடு கையில வெச்சிருக்காங்க."

"சனிக்கிழம மழ வருதுன்னு ரேடியோல சொல்றாங்க. அந்தப் புள்ள தாங்காது. நாளைக்கே ஏறணும்."

பொன்னுரங்கம் சாவியைக் கையில் உருட்டினார். "ராபட்டு பண்ணது தப்புன்னு நான் யாருகிட்டயும் சொல்லல ஜெயா."

"சொல்லலதான். தப்பில்லன்னும் சொல்லல. ஒங்க தம்பி வூட்டுல தண்டனன்றாங்க, அந்தாண்ட சனின்றாங்க. ரெண்டுக்கும் நடுவுல எங்க வூட்டுக்காரரு கால ஒடிச்சிக்கினு கெடக்கிறாரு. நீங்க வாயத் தொறக்கல."

"ஆறு குடும்பம்மா. ஆறே ஆறு. இன்னிக்குக் கூரன்னு ஒருத்தன் போவான். நாளைக்கு நாத்து காயுதுன்னு ஒருத்தன் போவான். அடுத்த நாளு மேஸ்திரி கோச்சிக்கிறான்னு போவான். அப்புறம் இந்தக் கூடத்துக்குப் பூட்டுதான்."

"உயிருக்கு ஆபத்துன்னா ஓய்வுநாளு வழி விடணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? நீங்கதான?"

"சொன்னன். இல்லன்னல. ஆனா எது உயிரு போற நேரம், எது இல்லன்னு யாரு தீர்ப்பு சொல்றது? ராபட்டா? நீயா? நான் ஒரு மில்லு ஃபிட்டரு. கேட்டுச் சொல்ல எனக்கு மேல இங்க ஒருத்தரும் இல்ல." அவர் குரல் தணிந்தது. "அன்னிக்கு எனக்கு பயமா இருந்திச்சி. அதான் நெசம்."

ஜெயராணி எழுந்தாள். "நாளைக்குக் காத்தால ஏறினா பொழுதுக்குள்ள முடிஞ்சிடும். தீர்ப்பே வேணாம். செம்பியன மட்டும் அனுப்புங்க. ஒடஞ்ச ஷீட்டுக்கு எங்க வூட்டுக்கு வெச்சிருக்கிறதுல ஒண்ணு தர்றன்."

"ஒங்க வூட்டுக் கூர?"

"எங்க வூட்டுல பச்சப் புள்ள இல்ல."

காலையில் அவள் போனபோது ராஜமாணிக்கம் ஏணியை எடுத்துக் கொடுக்கவில்லை.

"வாணாம்மா. ஒருத்தன் உழுந்தது போதும். பொம்பள வேற மேல ஏறுவியா? எங்க ஆளுங்களும் ஒரு மாதிரியா பேசறாங்க. சனிக்கிழம தெருக்காரங்க…"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமதானே ஐயா" என்றாள் ஜெயராணி. "ஏணி எங்க இருக்குது?"

அவர் கொட்டகையைக் காட்டினார். பிறகு தானே போய் எடுத்து வந்தார்.

வேலை அவள் நினைத்த மாதிரி ஓடவில்லை. அவள் வீட்டிலிருந்து ஷீட்டைக் கொண்டு வரும் வழியெல்லாம் முந்திரி மரம் விழுந்து கிடந்தது. வண்டி வராது. செம்பியனும் அவளும் தலையில் வைத்து, கிளைக்குக் கிளை குனிந்து நிமிர்ந்து வந்து சேரவே வெயில் ஏறிவிட்டது. உடைந்த ஷீட்டைக் கழற்றியபோது கீழே சட்டமும் விரிசல் விட்டிருந்தது. புதுக் கட்டை சீவ வேண்டியிருந்தது. கரண்ட் இல்லாததால் ஒவ்வொரு ஓட்டையும் கை டிரில்லில்தான். சுற்றிச் சுற்றி ஜெயராணியின் உள்ளங்கை கொப்பளித்தது. ஷீட்டின் மேல் நேராகக் காலை வைக்காதே, பலகை போட்டு அதன்மேல் உட்கார் என்று ராபர்ட் எத்தனையோ தடவை செம்பியனைத் திட்டியதைக் கேட்டிருக்கிறாள். பலகையை விட்டு அவள் அசையவில்லை.

மதியம் கயல்விழி பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சுண்டை வற்றலோடு கொடுத்தாள். ராஜமாணிக்கம் கீழே நின்று போல்ட்டும் வாஷரும் எடுத்துக் கொடுத்தார். "போகி நாளைக்கு. இந்த வருஷம் கொளுத்தறதுக்கு இன்னா இருக்குது, எல்லாத்தையும் காத்தே கொண்டுபோயிடுச்சி" என்றார். செம்பியன் மட்டும் சிரித்தான்.

பொழுது மேற்கே இறங்கியபோது இன்னும் ரெண்டு ஷீட் பாக்கி. தென்கிழக்கில் கடல் பக்கம் மேகம் மை மாதிரி திரண்டு நின்றது. மங்கலம் வேகவேகமாக வந்தாள். இடுப்பில், கூடத்துக்குக் கொண்டுபோகிற வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தியும், ஓய்வுநாளுக்கென்று இட்லிக் குண்டானில் வேக வைத்த பின்னல் ரொட்டியும் இருந்த கூடை. அவளுக்குப் பின்னால் பொன்னுரங்கம், வெள்ளைச் சட்டையில்.

"ஜெயா, பொழுது போவுதும்மா. எறங்குங்க ரெண்டு பேரும்."

செம்பியன் பொன்னுரங்கத்தைப் பார்த்தான். சுத்தியலை ஓரமாக வைத்துவிட்டு ஏணியில் இறங்கினான். ஜெயராணி பலகையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நான் எறங்கல அத்த."

"பாதி உட்டத நாளான்னிக்கு முடிக்கலாம்டி. தார்ப்பா கட்டிடலாம்."

"இந்த மேகத்துக்குத் தார்ப்பா நிக்காது. நீங்க போயி வெளக்கேத்துங்க. நான் தனியாவே முடிச்சிட்டு வர்றன். பாவம்னா எனக்கே இருக்கட்டும்."

ஒருத்தி தனியாக ஷீட்டைத் தூக்கி நிறுத்த முடியாது என்பது கீழே நின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ராஜமாணிக்கம் கையில் வாஷரை வைத்துக்கொண்டு இவர்கள் பேசுவதையே பார்த்தார். உள்ளே குழந்தை இருமியது. இருமி முடிந்ததும் அழ வேண்டும். அழுகை வரவில்லை, மூச்சு இழுக்கிற சத்தம்தான் வந்தது.

பொன்னுரங்கம் வாசற்படியில் நின்று, "அம்மாடி, கொழந்தையக் கொஞ்சம் கொண்டாம்மா" என்றார். கயல்விழி கொண்டு வந்தாள். அவர் துணியை விலக்கி நெஞ்சைப் பார்த்தார். உள்ளே போகிற நெஞ்சுக்குழியில் ரெண்டு விரலை வைத்துப் பார்த்தார். மேற்கே சூரியன் முந்திரிக் கொல்லைக்குப் பின்னால் பாதி போய்விட்டது.

துணியை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"செம்பியா, ஏறு."

"பெரியப்பா…"

"ஏறுடா. ஏணிய நான் புடிச்சிக்கிறன். மங்கலம், நீ இங்கியே இவுங்க சமையக்கட்டுல வெளக்க ஏத்திடு. ஐயா, ஒங்களுக்கு ஆட்சேபண இல்லியே?"

ராஜமாணிக்கம் தலையாட்டினார். கயல்விழி அடுப்பு மேடையைத் துடைத்து இடம் பண்ணினாள். மங்கலம் சூரியன் மறைவதற்கு முன்னால் ரெண்டு மெழுகுவர்த்தியை ஏற்றி, கண்ணைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தாள். கயல்விழி அவள் பக்கத்திலேயே குழந்தையோடு நின்றாள்.

வெளியே பொன்னுரங்கம் வெள்ளைச் சட்டையோடு ஷீட்டின் அடிமுனையைத் தோளில் தாங்கி மேலே தள்ளினார். ராஜமாணிக்கம் மறுமுனையைப் பிடித்தார். இருட்டிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை கூடத்தில் பாடுகிற பாட்டை, ஏணியைப் பிடித்தபடியே பொன்னுரங்கம் ஆரம்பித்தார். மேலே போல்ட் முடுக்கிக்கொண்டே செம்பியன் சேர்ந்து பாடினான். ஜெயராணி பாடவில்லை, முடுக்கினாள். கடைசிக் கொக்கி மாட்டியபோது முதல் துளி அவள் கையில் விழுந்தது.

இறங்கியதும் பொன்னுரங்கம் சொன்னார். "போதும். அப்பிடியே வெச்சிடுங்க."

சுத்தியல், டிரில், பலகை ஒன்றையும் எடுக்காமல் வாசலைத் தாண்டினார்கள். "சாமானெல்லாம் நனையுதே" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் ராஜமாணிக்கம்.

"ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கறம் ஐயா" என்றார் பொன்னுரங்கம். "இனிமே எங்களுக்கு ஓய்வுநாளு."

சனிக்கிழமை விடிய விடியக் கொட்டியது. கூடத்தில் தார்ப்பாய் ஒழுகாத இடமாகப் பார்த்து நெருக்கி உட்கார்ந்தார்கள். வேதத்தைப் பிரிப்பதற்கு முன்னால் பொன்னுரங்கம் எழுந்து நின்றார். தம்பி வீட்டார் இருந்த பக்கமாகவே பார்த்துச் சொன்னார்.

"நேத்து நடந்ததுக்கு நான் பொறுப்பு. போன வாரம் ராபட்டு எழுந்து போனது சரி. உக்காந்திருந்த நான்தான் தப்பு. இனிமே இத வெச்சி யாரும் அந்தக் குடும்பத்தப் பேசக் கூடாது. பேசணும்னா எங்கிட்ட வாங்க."

ஒருத்தர் தொண்டையைச் செருமினார். பிறகு வாசிக்க ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கு முழுக்க ஜெயராணி தன் வீட்டில், தார்ப்பாயின் கீழே சும்மா இருந்தாள். தையல் மிஷின் மேல் பிளாஸ்டிக் பை. ஒழுகுகிற இடத்திலெல்லாம் குண்டான், அண்டா, அரிசி களைகிற சட்டி. மங்கலம் வெள்ளிக்கிழமையே சாம்பல் சூட்டில் வைத்திருந்த சோற்றைச் சாப்பிட்டாள். கொப்பளித்த உள்ளங்கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, உலோகத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிப் போனாள். அந்தப் பதினைந்து நாளில் அவள் அப்படித் தூங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொங்கல். பஸ்ஸில் கூட்டம் இல்லை. வழியெல்லாம் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ராபர்ட் தலையணையை உயர்த்திச் சாய்ந்திருந்தான். வார்டில் யாரோ எல்லோருக்கும் கரும்புத் துண்டு கொடுத்திருந்தார்கள். அவன் அதை அவளுக்காக எடுத்து வைத்திருந்தான்.

"கை இன்னா இப்பிடி?"

அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். பொன்னுரங்கம் ஏணியைப் பிடித்தது, மங்கலம் விளக்கு ஏற்றிய இடம், கூடத்தில் எழுந்து நின்று சொன்னது. ஒரு கட்டத்தில் ராபர்ட் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் கொஞ்சம் நிறுத்தி, கரும்பைக் கடித்து, பிறகு தொடர்ந்தாள்.

"நேத்து இங்கயும் சரியான மழ" என்றான் அவன். "ராத்திரியெல்லாம் நெனச்சிக்கினு கெடந்தன். ஒழுகிச்சா?"

"நல்லா ஒழுகிச்சி. அண்டா ரொம்பிப் போச்சி."

அவன் சட்டென்று எழப் பார்த்தான், கால் விடவில்லை. "அவ்ளோ பேரு ஏறி, ஒழுகிச்சா? எந்தப் பக்கம்? கொக்கிய எப்பிடி மாட்டினீங்க?"

ஜெயராணி சிரித்துவிட்டாள். எவ்வளவு அடக்கியும் முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நம்ம வூட்டச் சொன்னன்யா. அங்க ஒரு சொட்டு ஒழுகல. கொழந்த காத்தால பால் குடிச்சிட்டுத் தூங்குது."